கருவி யார் கையில் இருக்கின்றது?

கல்விச் சீர்திருத்தம் பற்றிய அறிவிப்பு ஒன்று வெளிவரும்போதெல்லாம் அதனோடு சேர்ந்து ஒரு பொருளும் வந்து இறங்குவதை நீண்டகாலமாகக் கவனித்து வந்திருக்கின்றேன். ஒருகாலத்தில் அது கணினி. பின்னர் மடிகணினி. 2017ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் அது உயர்தர மாணவர்களுக்கான டப். அண்மைய ஆண்டுகளில் திறன் பலகை, அதாவது ஸ்மார்ட் போர்ட். சீர்திருத்தத்தின் நோக்கம் என்னவென்று செய்தியாளர் மாநாட்டில் கேட்டால் பதில் சொல்பவர் சற்று யோசிப்பார். எத்தனை பாடசாலைகளுக்கு எத்தனை பலகைகள் என்று கேட்டால் தாளைப் பார்க்காமலே சொல்லிவிடுவார். எண்ணக்கூடியதும் நாடா வெட்டித் திறந்து வைக்கக்கூடியதும் அதுதானே.

2025ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம், தரம் 1இலும் தரம் 6இலும் தொடங்கி மொடியூல் முறையில் கற்பிப்பது, பரீட்சைச் சுமையைக் குறைப்பது, பிள்ளைகளின் செயற்பாட்டுக்கு முதலிடம் கொடுப்பது என்று பேசியது. இந்த நோக்கங்களோடு எனக்கு எந்தப் பிணக்கும் இல்லை. இவற்றை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் பாதி வெறும் பழக்கதோஷம் என்பதே என் எண்ணம். ஆனால் நோக்கம் ஒரு பக்கம் போக, வாங்கப்படும் பொருள் இன்னொரு பக்கம் இழுக்கின்றது. பிள்ளை செய்து கற்கவேண்டும் என்று சொல்லிக்கொண்டு, பிள்ளை பார்த்துக்கொண்டிருப்பதற்கான பொருளை வாங்குகின்றோம். ஒரு வகுப்பறைக் கருவியைப் பற்றி விலைக்கும் புதுமைக்கும் முன்பாகக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: பாடவேளையின் 40 நிமிடங்களில் அது யாருடைய கையில் இருக்கின்றது?

இந்தக் கேள்வி புதியதன்று. அமெரிக்கக் கல்விச் சிந்தனையாளர் ஜோன் டூயி 1896இல் சிக்காகோவில் தமது பரிசோதனைப் பாடசாலையை ஆரம்பித்தபோது பிள்ளைகளுக்குப் பொருத்தமான மேசை தேடி நகரத்துக் கடைகளில் அலைந்த கதையைத் தாமே எழுதியிருக்கின்றார். கடைகளில் இருந்த பாடசாலைத் தளபாடங்கள் எல்லாம் உட்கார்ந்து கேட்பதற்கென்றே செய்யப்பட்டவை. பிள்ளை எதையாவது செய்வதற்கு ஏற்ற மேசை ஒன்றுகூட அகப்படவில்லை என்பதைக் கடைக்காரரே அவருக்குச் சொன்னாராம். மேசையும் ஒரு தொழில்நுட்பம்தான். அதைச் செய்தவன் மனதில் பிள்ளை என்ன செய்யும் என்று நினைத்தானோ அதுவே மரத்தில் இறங்கிவிடுகின்றது. சுவரில் மாட்டப்படும் பெரிய திரையும் அப்படித்தான். 35 பேர் ஒரு திசையை நோக்கி அமர்ந்திருக்க ஒருவர் நின்று பேசுவார் என்று தீர்மானித்துக்கொண்டே அது தொழிற்சாலையிலிருந்து வருகின்றது.

டூயியையும் விட நமக்கு அண்மையில் ஒரு கதை இருக்கின்றது. சென்னை எழும்பூரில் இராணுவத்தினரின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதி ஒன்று 1789இல் அமைக்கப்பட்டது. அதன் பொறுப்பாளராக இருந்த அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துக்காரர், ஒருநாள் வழியில் ஒரு நாட்டுப் பள்ளிக்கூடத்தைக் கண்டார். பிள்ளைகள் நிலத்தில் அமர்ந்து மணலைப் பரப்பி விரலால் எழுத்து எழுதிக்கொண்டிருந்தனர். விடுதிக்குத் திரும்பியவர் அதே முறையைத் தொடங்குமாறு ஆசிரியர்களிடம் சொன்னார். அவர்கள் மனம் வைக்கவில்லை. உடனே பெல், ஜோன் ஃபிரிஸ்கன் என்ற 8 வயதுச் சிறுவனிடம் அரிவரி வகுப்பை ஒப்படைத்தார். மற்ற ஆசிரியர்களால் ஆகாதது அந்தச் சிறுவனால் ஆயிற்று. 1797இல் பெல் இதைப்பற்றி இலண்டனில் வெளியிட்ட சிறுநூலின் வழியாக 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுவதும் பரவியது. ஸ்கொட்லாந்தின் சென். அன்ட்ரூஸ் நகரில் 'மெட்ராஸ் கல்லூரி' என்ற பெயரோடு ஒரு பாடசாலை இன்றும் இருக்கின்றது. விஜயதசமியன்று தாம்பாளத்து அரிசியில் நம் பிள்ளைகளின் விரலைப் பிடித்து 'அ' எழுதுவிக்கும்போது, நம் திண்ணைப் பள்ளியின் மணற்பரப்பு இவ்வளவு தூரம் பயணம் செய்திருக்கின்றது என்பதை நாம் நினைப்பதில்லை.

மணல் செலவில்லாதது. பிழை விட்டால் கையால் தடவினால் போதும். பிழைக்குச் சாட்சி கிடையாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனியே உண்டு. கல்விக் கருவியிடம் எதிர்பார்க்கக்கூடிய பெரும்பாலான குணங்கள் அதில் இருந்தன. ஆனால் கதை அங்கே முடியவில்லை. இங்கிலாந்தில் அந்த முறைக்கு என்ன நடந்தது? ஒரே மண்டபத்தில் நூற்றுக்கணக்கான ஏழைப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒரே ஓர் ஆசிரியரைக் கொண்டு மிக மலிவாகப் படிப்பிக்கும் ஒழுங்காக அது மாற்றப்பட்டது. மூத்த மாணவன் கட்டளையிட, மற்றவர்கள் ஒரே நேரத்தில் கையைத் தூக்கி ஒரே எழுத்தை எழுதினார்கள். மணல் அதே மணல்தான். நோக்கம் மாறியபோது அது பட்டாளத்துப் பயிற்சியாகிவிட்டது. ஆகவே பிள்ளையின் கையில் கருவி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அது இருக்கவேண்டும், ஆனால் அது மட்டும் போதாது.

நம் நாட்டில் என்ன நடந்தது என்று பார்ப்போம். சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா தலைமையிலான விசேட குழு 1943இல் சமர்ப்பித்த அறிக்கையைப் பெரும்பாலானோர் இலவசக் கல்விக்காக மட்டும் நினைவுகூர்கின்றார்கள். ஏட்டுப் படிப்பு மிகுந்திருப்பதும் பரீட்சை கோலோச்சுவதும் நம் கல்வியின் குறைகள் என்று அந்த அறிக்கை அப்போதே கண்டது. அதற்கும் முன்னதாக 1934இல் இரவீந்திரநாத் தாகூர் இங்கு வந்து, ஹொரணையில் வில்மட் ஏ. பெரேரா நிறுவிய ஸ்ரீபாலி நிறுவனத்துக்கு அடிக்கல் நாட்டினார். சாந்திநிகேதனத்தின் சாயலில் ஒரு பாடசாலை நம் மண்ணிலும் எழுந்தது. ஆக, பிள்ளையை மையமாகக் கொண்ட கல்வி என்பது உலக வங்கி நமக்குச் சொல்லித் தந்த பாடமன்று. அதைப்பற்றி 80 வருடங்களுக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கின்றோம்.

1972இல் துணிச்சலான முயற்சி ஒன்று நடந்தது. சாதாரண தரப் பரீட்சையை ஒழித்து என்.சி.ஜி.ஈ. என்ற புதிய பரீட்சை கொண்டுவரப்பட்டது. எல்லோருக்கும் கணிதம், எல்லோருக்கும் விஞ்ஞானம், அவற்றோடு அந்தந்தப் பிரதேசத்துத் தொழில்களைச் சார்ந்த தொழில்முன் பாடங்கள். மீன்பிடி, மட்பாண்டம், மரவேலை என்பன பாடசாலைக்குள் வந்தன. 1977இல் ஆட்சி மாறியதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. இன்றும் அதை அரசியல் பழிவாங்கலாக மட்டும் பேசுவோர் உண்டு. அரசியல் இல்லாமலில்லை. ஆனால் பெற்றோருக்கும் அதில் மனமிருக்கவில்லை என்பதை என் வயதினரின் மூத்த சகோதரர்களைக் கேட்டால் சொல்வார்கள். 'என் பிள்ளை பானை வனையவா பள்ளிக்கூடம் போகின்றான்?' என்பதே அன்றைய கேள்வி.

அந்தக் கேள்வியை அறியாமை என்று தள்ளிவிடுவது சுலபம். நான் தள்ளமாட்டேன். குடியேற்றவாதக் காலத்தில் இந்த நாட்டில் ஆங்கிலப் பாடசாலை ஒரு சாராருக்கும் சுயமொழிப் பாடசாலை மற்றவர்களுக்கும் என்று கல்வி இரண்டாகப் பிளந்து கிடந்தது. 1930களில் ஹந்தெஸ்ஸவில் தொடங்கிய கிராமியக் கல்வித் திட்டம் கிராமத்துப் பிள்ளைக்கு மண்ணையும் பயிரையும் கற்பித்தபோது, கொழும்புப் பிள்ளை இலத்தீன் படித்துக்கொண்டிருந்தது. 'செய்து கற்றல்' என்ற அழகான சொல்லுக்குப் பின்னால் 'நீ இருக்கும் இடத்திலேயே இரு' என்ற கட்டளை ஒளிந்திருப்பதைப் பெற்றோர் சரியாகவே மோப்பம் பிடித்தார்கள். முற்போக்குக் கல்வியை ஆதரிக்கும் எவரும் இந்த வரலாற்றுக்குப் பதில் சொல்லாமல் நகரமுடியாது.

1997இல் அறிவிக்கப்பட்ட சீர்திருத்தம் ஆரம்ப வகுப்புகளில் விளையாட்டு, செயற்பாடு, மேசைவேலை என்ற மூன்றையும் கலந்து கற்பிக்கச் சொன்னது. 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சித்துப் பார்த்து 1999இல் நாடு முழுவதும் விரித்தார்கள். என் கணிப்பில் நம் நாட்டுச் சீர்திருத்தங்களில் ஓரளவு வேர்விட்டது இது ஒன்றுதான். முதலாம் வகுப்புக்குள் இன்று எட்டிப் பார்ப்பவர் அதை ஒப்புக்கொள்வார். ஆனால் அதே பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்தவுடன் விளையாட்டு நின்றுவிடுகின்றது. காரணம் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பின்னர் வருகின்றேன்.

2007இல் வந்தது 'ஐந்து ஈ'. தேர்ச்சி மையக் கலைத்திட்டம் என்ற பெயரில் தரம் 6இலும் தரம் 10இலும் அறிமுகமான இந்த முறையில், ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்கல், விரித்தல், மதிப்பிடல் என்று பாடம் ஐந்து படிகளில் நகரவேண்டும். ஐந்துக்கும் ஆங்கிலப் பெயர் 'ஈ'யில் தொடங்குவதால் அந்தப் பெயர். வகுப்பறைக்குள் ஐந்து ஈக்கள் பறக்கின்றன, விரட்டுவதா பிடிப்பதா என்று தெரியவில்லை என ஓர் ஆசிரியர் என்னிடம் பகிடி விட்டார். அந்த முறையில் பிழையில்லை. அமெரிக்காவில் விஞ்ஞானம் கற்பிப்பதற்கென உருவான, ஆராய்ந்து பார்க்கப்பட்ட முறை அது. நம்மிடம் அது வந்துசேர்ந்த விதம்தான் வேடிக்கை. அந்தக் காலத்தில் செய்தி சேகரிக்கப் போன இடங்களில் எத்தனையோ வகுப்புகளைப் பார்த்திருக்கின்றேன். எட்டுப் பேர் கொண்ட குழு. நடுவில் ஒரு டிமைத் தாள், இரண்டு பிளாட்டிக்னம் பேனாக்கள். எழுத்து அழகாக உள்ள பிள்ளை எழுதும். இன்னொரு பிள்ளை கோடு போடும். மிச்ச ஆறு பேரும் சுற்றிவர நின்று பார்ப்பார்கள். எழுதப்படும் விடயம் எங்கிருந்து வரும்? முதல்நாள் மாலை ரியூட்டறியில் கொடுத்த ரியூட்டிலிருந்து வரும். பின்னர் குழுத் தலைவர் எழுந்து அதை வாசிப்பார், வகுப்பு கைதட்டும், தாள் சுவரில் ஏறும். மேற்பார்வைக்கு வருகின்றவர் சுவரைப் பார்த்துத் திருப்தியோடு போவார். கண்டறிதல் நடந்துவிட்டதற்குச் சாட்சி டிமைத் தாள்.

அந்த ஆசிரியர்களைக் குறை சொல்வதற்கு எனக்கு மனம் வரவில்லை. 45 பேர் கொண்ட வகுப்பு. சில நாட் பயிற்சி. முடிக்கவேண்டிய பாடத்திட்டம் முன்னரைப் போலவே நீளமானது. இறுதியில் பிள்ளை முகம்கொடுக்கும் வினாத்தாளோ பழைய வினாத்தாளின் உடன்பிறப்பு. அந்த நிலையில் எந்த நேர்மையான ஆசிரியரும் குறிப்புச் சொல்லித்தான் எழுதுவிப்பார்.

வினாத்தாள் என்றதும் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்கு வரவேண்டியிருக்கின்றது. வறிய வீட்டுத் திறமையான பிள்ளையைத் தேர்ந்து மத்திய மகா வித்தியாலயத்துக்கு அனுப்பி, விடுதியும் பணமும் கொடுத்துப் படிக்கவைப்பதற்கென்று கன்னங்கரா காலத்தில் பிறந்த ஏற்பாடு அது. இன்றோ 10 வயதுப் பிள்ளைகள் ஆண்டுதோறும் 3 இலட்சத்துக்கும் அதிகமாகத் தோற்றுகின்ற ஒரு நாடளாவிய போட்டி. அதில் கணிசமானவர்களுக்குப் பணம் தேவையில்லை. பெரிய பாடசாலைக்கான அனுமதிதான் தேவை. நான்காம் வகுப்பில் விளையாட்டு நிற்பது இதனால்தான். பரீட்சையை வறிய பிள்ளைக்கான உதவிப்பணத்தோடு நிறுத்திப் பாடசாலை அனுமதியிலிருந்து பிரித்துவிடவேண்டும் என்பது என் கருத்து. பிரபல பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் இதை விரும்பமாட்டா என்பது தெரியும். ஆனால் அதைச் செய்யாமல் வகுப்பறையில் எந்தக் கருவியைக் கொண்டுவந்து வைத்தாலும், அந்தப் பரீட்சை அதைத் தன் வேலைக்காரனாக்கிக் கொள்ளும். நான் பார்த்த திறன் பலகைகளில் அதிகமாக ஓடிக்கொண்டிருப்பவை கடந்தகால வினாத்தாள்கள். ஆசிரியர் விரலால் தொட்டவுடன் சரியான விடை பச்சை நிறத்தில் மின்னுகின்றது. இதை வெண்கட்டியால் செய்ய எவ்வளவு செலவாகும்?

இங்கே ஓர் உண்மையையும் சொல்லியாகவேண்டும். இந்த நாட்டில் கல்வித் தொழில்நுட்பத்தை எவரும் கட்டளையிடாமலே, எந்தக் கருத்தரங்குக்கும் போகாமலே கைவசப்படுத்தியவர்கள் ரியூசன் ஆசிரியர்கள். ஒலிவாங்கி, பெரிய திரை, பின்வரிசைக்கு இரண்டாவது திரை, பின்னர் சூம் என்று ஒவ்வொன்றையும் பாடசாலைகளுக்கு முன்பே அவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ஆயிரம் பேருக்கு ஒருவர் பேசும் தொழிலுக்கு அந்தக் கருவிகள் அச்சொட்டாகப் பொருந்தின. பாடசாலை அதே கருவியை வாங்கிக்கொண்டு அதே தொழிலைச் செய்யப் புறப்பட்டால் ரியூட்டறியோடு போட்டியிட்டுத் தோற்கும். அதனால் மட்டும் செய்யக்கூடியது வேறொன்று உண்டல்லவா?

கணினி அறைகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனெனில் அது எல்லோருக்கும் தெரிந்தது. குளிரூட்டி பூட்டிய அறை. வாசலில் செருப்பைக் கழற்றவேண்டும், கோயிலுக்குப் போவதுபோல. கணினிகளுக்குத் துணிப்போர்வை. திறப்பு அதிபரின் மேசை லாச்சியில். பழுதானால் பதில் சொல்லவேண்டியவர் பொறுப்பாசிரியர் என்பதால், பழுதாகாமலிருக்க ஒரே வழி எவரையும் தொடவிடாதிருப்பது என்று அவர் முடிவு செய்துகொண்டார். பொருட்பதிவேட்டில் அவை எல்லாம் நல்ல நிலையில்தான் இருந்தன.

இதற்கு நேர் எதிர்முனையில் நின்றவர் எம்.ஐ.ரி. பேராசிரியர் நிக்கலஸ் நெக்ரபொன்ரே. 2005இல் அவர் 100 டொலர் மடிகணினி ஒன்றை அறிவித்து, உலகத்தின் ஒவ்வொரு வறிய பிள்ளையின் கையிலும் அதைக் கொடுக்கவேண்டும் என்றார். பச்சையும் வெள்ளையுமான அந்தக் குட்டிக் கணினிகள் நம் நாட்டுப் பாடசாலைகள் சிலவற்றுக்கும் வந்தன. மிகப் பெருந்தொகையில் வாங்கியது பெரு நாடு. 8 இலட்சத்துக்கும் அதிகமாக. அங்கு 319 கிராமப்புறப் பாடசாலைகளில் செய்யப்பட்ட ஆய்வின் முடிவை அமெரிக்க நாடுகளுக்கிடையிலான அபிவிருத்தி வங்கி 2012இல் வெளியிட்டது. பிள்ளைகளின் பொதுவான சிந்தனைத் திறனில் ஓரளவு முன்னேற்றம் தெரிந்தது. கணிதத்திலும் மொழியிலும் எந்த வித்தியாசமும் தென்படவில்லை. கருவி பிள்ளையின் கையில் இருந்தது. அருகில் இருக்கவேண்டியவர் இருக்கவில்லை, அல்லது அவருக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கவில்லை.

சுகத மித்ராவின் பெயரைச் சொல்லி ஆசிரியரே தேவையில்லை என்று வாதிடுவோரை அண்மைக்காலத்தில் அதிகமாகச் சந்திக்கின்றேன். 1999இல் டில்லியில் சுவரில் துளையிட்டுக் கணினி வைத்தவர் அவர். பாண்டிச்சேரிக்கு அருகே காளிக்குப்பம் என்ற மீனவக் கிராமத்தில் அவர் செய்த பரிசோதனையை இவர்கள் பாதியோடு நிறுத்திவிடுகின்றார்கள். தமிழ் மட்டுமே சரளமாகத் தெரிந்த பிள்ளைகளிடம் உயிரியல் தொழில்நுட்பத்தை ஆங்கிலத்தில் கணினியில் வைத்துவிட்டுப் போனார். தாமாகவே படித்து ஏறத்தாழ 30 சதவீதம் எடுத்தார்கள். வியப்புத்தான். ஆனால் அதற்குமேல் ஏறவில்லை. பின்னர் அந்தப் பிள்ளைகளுக்குப் பரிச்சயமான, பாடமே தெரியாத ஓர் இளம்பெண்ணை அருகில் இருந்து, 'அட, இதை எப்படிக் கண்டுபிடித்தாய்?' என்று பேத்தியின் கெட்டித்தனத்தை மெச்சும் பாட்டிபோலக் கேட்டுக்கொண்டிருக்கச் சொன்னார். மதிப்பெண் 50ஐ அண்மித்தது. 2010இல் வெளியான ஆய்வுக் கட்டுரையில் இரண்டு பாதியும் உண்டு.

பெருந்தொற்றுக் காலம் இதை நாடு முழுவதற்கும் காட்டிவிட்டது. 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டபோது இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது, தொலைக்காட்சியில் குருகெதர இருந்தது, சூம் இருந்தது. 2021இல் போகிட்டியாவ என்ற கிராமத்தில் ஆசிரியையும் பிள்ளைகளும் அலைவரிசை தேடிக் காட்டுப்பாதையில் நடந்து பாறை உச்சிக்கு ஏறியதை உலகச் செய்தி நிறுவனங்கள் படம்பிடித்து வெளியிட்டன. அந்தப் படத்தைப் பார்த்து எல்லோரும் இணைய வசதியின்மையைப் பற்றிப் பேசினார்கள். அவ்வளவு தூரம் ஏறிய ஆசிரியையைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. அதே ஆண்டு ஜூலையில் சம்பள முரண்பாட்டைத் தீர்க்கக் கோரி ஆசிரியர்கள் இணையவழிக் கற்பித்தலிலிருந்து விலகியபோது அத்தனை இணைப்புகளும் அப்படியே இருந்தன. கற்பித்தல் மட்டும் நின்றது. 2022இல் இன்னொரு பாடம். மார்ச்சில் தாள் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் ஒத்திவைக்கப்பட்டன. அந்த மாத இறுதியில் மின்துண்டிப்பு ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் வரை போயிற்று. தாளும் இல்லை, மின்சாரமும் இல்லை என்ற நிலையைக் கண்ட தலைமுறை நாம். கருவிகளை வாங்குவோர் அதை மறந்துவிடக்கூடாது.

கருவி, ஆசிரியர், பிள்ளை மூன்றும் ஓரளவு பொருந்தி வந்த இடம் எது என்று கேட்டால், நான் தமிழ்நாட்டின் செயல்வழிக் கற்றலைச் சொல்வேன். ஆந்திராவில் ஜே. கிருஷ்ணமூர்த்தி நிறுவிய ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில் உருவான அட்டைமுறை அது. எம். பி. விஜயகுமார் என்ற அதிகாரி 2003இல் அதைச் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08இல் மாநிலத்தின் சுமார் 37,000 அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது விரிந்தது. அத்தகைய பள்ளி ஒன்றினுள் ஒரு காலைப்பொழுது அமர்ந்திருந்தேன். மேசையில்லை. ஆசிரியை பாயில் பிள்ளைகளோடு இருந்தார். சுவரின் அடிப்பாகத்தைச் சுற்றிக் கரும்பலகை, பிள்ளையின் கை எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு பகுதி. பாடங்கள் சிறுசிறு அட்டைகளாகப் பிரிக்கப்பட்டுத் தட்டுகளில் இருந்தன. தான் ஏணியில் எந்தப் படியில் நிற்கின்றது என்று பிள்ளையே பார்த்து, அட்டையை எடுத்து, செய்து, முடித்து, அடுத்ததற்குப் போனது. வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒன்றாக இருந்தார்கள். மூன்று நாள் காய்ச்சலில் படுத்துவிட்டு வந்த பிள்ளை விட்ட அட்டையிலிருந்து தொடங்கியது.

அதிலும் கோளாறு வந்தது. ஓர் அட்டையை முடிக்காமல் அடுத்ததைத் தொடக்கூடாது என்ற விதி இறுகியதால் பல இடங்களில் அது எந்திரகதியாயிற்று. பாடப்புத்தகம் எங்கே என்று பெற்றோர் கேட்டார்கள். பின்னர் படிப்படியாக மாற்றியமைத்து, 2022இல் 'எண்ணும் எழுத்தும்' என்ற வேறு திட்டம் வந்தது. ஆனாலும் ஒரு கருவி எப்படிச் செய்யப்படவேண்டும் என்பதற்கு அதுவே நல்ல உதாரணம். பாடம் நடத்திப் பழகிய ஆசிரியர்களே அட்டைகளை உருவாக்கினார்கள். இது நமக்கு அந்நியமான மரபுமன்று. ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கி, 1849இல் சென்னையிலிருந்து அச்சியந்திரம் கொண்டுவந்து, தம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் படிமுறையாகப் பாலபாடம் எழுதி அச்சிட்டார். அக்காலத்து உச்சத் தொழில்நுட்பம் அச்சியந்திரம். அது ஒரு வாத்தியாரின் கையில் இருந்தது.

'நகரத்துப் பிள்ளைக்கு ஸ்மார்ட் போர்ட், தோட்டத்துப் பிள்ளைக்கு அட்டையும் மணலுமா?' என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லவேண்டும். மேலே சொன்ன வரலாற்றை வைத்துப் பார்த்தால் இது நியாயமான கேள்வி. என் பதில் இதுதான்: அட்டைமுறையை முதலில் கொழும்பின் பெரிய தேசிய பாடசாலைகளில் தொடங்குங்கள். அங்கே பழைய மாணவர் சங்கம் வாங்கித் தந்த திரைகள் வேண்டிய அளவு இருக்கின்றன. அவர்கள் முன்னோடியாக இருக்கட்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு இணையம் கொழும்புப் பிள்ளையைவிட அதிகமாகவே வேண்டும், ஏனெனில் அதற்கு வீட்டிலோ ஊரிலோ வேறு நூலகம் இல்லை. சுவரில் ஒரு பெரிய திரை வாங்கும் பணத்தில் நான்கு பிள்ளைக்கு ஒன்றாகச் சிறிய கணினிகள் சில வாங்கலாம். மடியில் வைத்துச் சண்டை போட்டு, மாறி மாறித் தட்டிப் பார்க்கலாம். 2023இல் யுனெஸ்கோவின் உலகக் கல்வி அறிக்கை, கல்வியில் தொழில்நுட்பம் யாருடைய நிபந்தனையின்பேரில் நுழைகின்றது என்ற கேள்வியையே தலைப்பாக எடுத்துக்கொண்டது. அதே ஆண்டில் செல்வந்த நாடான சுவீடன் அச்சிட்ட பாடநூல்களை மறுபடி வாங்குவதற்கு நிதி ஒதுக்கியது. எல்லா வசதியையும் அனுபவித்துப் பார்த்த நாட்டின் சலிப்பை நாம் அப்படியே கடன் வாங்கத் தேவையில்லை. ஆனால் நம் கொள்வனவுப் பட்டியலை ஒருமுறை நிறுத்திப் பார்க்கலாம்.

இலங்கையில் 50 மாணவருக்கும் குறைவான பாடசாலைகள் ஆயிரத்துக்கும் அதிகமாக இருக்கின்றன. வன்னியிலும் மலையகத்திலும் கிழக்கின் எல்லைக் கிராமங்களிலும் ஐந்து வகுப்புகளை இரண்டு ஆசிரியர்கள் பார்க்கும் நிலை சாதாரணம். ஒரு திரைமுன் எல்லோரையும் உட்கார்த்தும் முறை அங்கே பயன்படாது. தரம் 2க்குச் சொல்லும்போது தரம் 4 என்ன செய்யும்? பல தரங்களை ஒரே வேளையில் கற்பிப்பதற்கென்றே உருவான அட்டைமுறை அங்கேதான் உடனடியாகப் பயன்படக்கூடியது.

அத்தகைய ஒரு பாடசாலையில், எவரும் சொல்லாமலே அதைச் செய்துகொண்டிருக்கும் ஓர் ஆசிரியையைச் சில வருடங்களுக்கு முன் சந்தித்தேன். பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி, ஒருபக்கம் படம், மறுபக்கம் கணக்கு என்று நூற்றுக்கணக்கில் செய்து, பால்மாப் பெட்டிகளில் தரம் தரமாக அடுக்கி வைத்திருந்தார். மழைக்காலம் வந்தால் மட்டை ஊறிப் பிய்ந்துவிடுகின்றது. ஒவ்வொரு தைப்பொங்கலுக்குப் பிறகும் பாதியைப் புதிதாகச் செய்யவேண்டியிருக்கின்றது என்றார். உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். லமினேற் பண்ணும் மெசின் ஒன்று கிடைத்தால் போதும் என்றார். வலயத்துக்கு எழுதிக் கேட்டாராம். வழங்கக்கூடிய உபகரணங்களின் பட்டியலில் அது இல்லை என்று பதில் வந்திருந்தது. அந்தக் கடிதத்தையும் அவர் ஒரு பால்மாப் பெட்டியில்தான் வைத்திருந்தார்.